மறைத்து வை என்று சொன்ன அப்பா

கொருக்குப்பேட்டையிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. 2013-ல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் சூப்பர்மேனின் வளர்ப்பு அப்பா ஜொனாதன் கென்ட், "உன் சக்தியை யாருக்கும் காட்டாதே" என்று, வேறு கிரகத்திலிருந்து வந்த கிளார்க் என்ற அந்தப் பையனிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆற்றில் விழுந்த ஸ்கூல் பஸ்ஸைப் பையன் தூக்கிக் கரைசேர்த்தால், அதற்கும் கண்டிக்கிறார். கடைசியில் சூறாவளியில் சிக்கிச் சாகிறபோதும், காப்பாற்ற வராதே என்று மகனுக்குக் கை காட்டுகிறார். "இவர் எல்லாம் ஒரு ஹீரோவுக்கு அப்பாவா? அவர் சொன்னது சரியா? அதைக் கேட்டு கிளார்க் சும்மா நின்றது சரியா? எங்க நைனாவும் கிட்டத்தட்ட இப்படித்தான் பேசுவார், அதனால்தான் கேட்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். 13 வயதுப் பையனிடம் மறைத்து வை என்று சொன்ன ஜொனாதன் செய்தது சரி. சூறாவளி அன்றைக்கு அதே பேச்சில் நின்ற ஜொனாதன் செய்தது தவறு. இரண்டு இடத்திலும் ஒரே மனிதர், ஒரே அறிவுரை. ஆனால் முடிவு யார் கையில் இருந்தது என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இந்தப் பயந்த அப்பாவை 2013 படம்தான் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. சூப்பர்மேன் முதன்முதலில் வந்தது 1938-ல், 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில். உருவாக்கியவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள். இருவருமே அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். அடுத்த வருடமே, 1939-ல், 'சூப்பர்மேன்' என்ற பெயரிலேயே தனி இதழ் வந்தது. அதன் முதல் பக்கங்களிலேயே வளர்ப்பு அப்பா பையனிடம் சொல்கிறார்: உன் பலத்தை மறைத்து வை, இல்லாவிட்டால் ஜனங்கள் உன்னைப் பார்த்துப் பயப்படுவார்கள். உடனே பக்கத்திலிருக்கும் அம்மா சொல்கிறார்: ஆனால் நேரம் வரும்போது அதை மனிதர்களுக்கு உதவுவதற்குப் பயன்படுத்த வேண்டும்.

ஆக, மறைக்கச் சொல்லும் பேச்சு சூப்பர்மேனோடு கூடவே பிறந்தது. கூடவே 'நேரம் வரும்போது' என்ற பேச்சும் பிறந்தது. அப்பா பாதி, அம்மா பாதி. 1978-ல் வந்த 'சூப்பர்மேன்' படத்தில் க்ளென் ஃபோர்ட் நடித்த ஜொனாதன் அந்த இரண்டு பாதியையும் தானே பேசுகிறார். மற்ற பையன்கள் மைதானத்தில் கெத்து காட்டும்போது தன்னால் காட்ட முடியவில்லையே என்று புழுங்குகிற கிளார்க்கிடம், நீ இங்கே வந்ததற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது, அது நிச்சயமாக ஆட்டத்தில் பாயின்ட் எடுப்பதற்கு இல்லை என்கிறார். அடுத்த நிமிடம் மாரடைப்பில் விழுந்து இறந்துபோகிறார். அடக்கமாக இரு என்பதும் உனக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதும் ஒரே மூச்சில் வந்ததால் அந்த அப்பாவை யாரும் கோழை என்று சொன்னதில்லை.

2013 படம் இதைப் பிரித்துவிட்டது. நம்பிக்கையான பேச்செல்லாம் பெற்ற அப்பா ஜோர்-எல்லுக்குப் போய்விட்டது. மனிதர்களுக்கு நீ ஒரு லட்சியமாக இருப்பாய் என்று அவர்தான் சொல்கிறார். வளர்த்த அப்பாவுக்கு மிச்சம் கிடைத்தது பயம் மட்டும். கெவின் காஸ்ட்னர் அதை எவ்வளவு உருக்கமாக நடித்தாலும், இரண்டு அப்பாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வளர்த்தவர் சின்னவராகத்தான் தெரிகிறார். உங்கள் கோபத்தில் கொஞ்சம் அங்கிருந்து வருவது.

சரி, பஸ் காட்சிக்கு வருவோம். பஸ் ஆற்றில் விழுகிறது. கிளார்க் அதைப் பின்னாலிருந்து தள்ளிக் கரையேற்றுகிறான், தன்னை வம்புக்கு இழுக்கும் பீட் ராஸையும் மூழ்காமல் தூக்கிவருகிறான். பீட்டின் அம்மா வீட்டுக்கே வந்து, உங்கள் பையன் செய்ததை என் மகன் கண்ணால் பார்த்தான், இது கடவுள் செயல் என்கிறார். வெளியே ஜொனாதன் மகனிடம் பேசுகிறார். நான் என்ன செய்திருக்கணும், அவங்களைச் சாக விட்டிருக்கணுமா என்று பையன் கேட்கிறான். ஜொனாதன் வாயிலிருந்து வருவது "இருக்கலாம்" என்ற ஒற்றைச் சொல். அந்தச் சொல்லைத்தான் ஊரே பிடித்துக்கொண்டது.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள். உறுதியாகத் தெரிந்து கட்டளை போடுகிற முகம் அது இல்லை. பதில் தெரியாமல் விழிக்கிறார். பஸ்ஸில் இருந்தவை அடுத்த வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் சாகட்டும் என்று நினைக்கக்கூடிய ஆள் அவர் இல்லை. ஆனால் வெளியே தெரிந்தால் அரசாங்கம் வந்து தன் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயம் உண்மையானது. பதில் தெரியாதபோது தெரிந்த மாதிரி நடிக்காமல் இருந்தது என் கணக்கில் அவருக்கு மரியாதை.

அடுத்து அவர் செய்வதை யாரும் பேசுவதில்லை. எனக்குப் படத்திலேயே ரொம்ப முக்கியமான இடம் அதுதான். பையனைக் களஞ்சியத்துக்குள் கூட்டிப்போய், அவன் வந்த விண்கலத்தைக் காட்டுகிறார். நீ எங்கிருந்தோ அனுப்பப்பட்டவன் என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறார். பையன் உடைந்துபோய், நான் உங்கள் மகன் என்று தொடர்ந்து நடித்துக்கொண்டே இருக்கக் கூடாதா என்று கேட்கிறான். நீ என் மகன்தான் என்று கட்டிக்கொள்கிறார். உன்னை அனுப்பிய இன்னொரு அப்பா எங்கோ இருக்கிறார், ஏன் அனுப்பினார் என்று கண்டுபிடிக்க வேண்டியது உன் கடமை என்கிறார். ஒருநாள் இந்த மனிதர்களுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பதா வேண்டாமா என்று நீதான் முடிவு செய்ய வேண்டியிருக்கும் என்றும் சொல்கிறார்.

இங்கே இரண்டு ரகசியம் இருக்கிறது. ஒன்று பையனிடமிருந்தே மறைக்கப்பட்டது, மற்றது உலகத்திடமிருந்து மறைக்கப்படுவது. முதல் ரகசியத்தைக் கேள்வி எழுந்த அன்றே உடைத்துவிட்டார். தேரோட்டி வீட்டில் வளர்ந்த கர்ணனுக்குத் தன்னைப் பெற்றவள் குந்தி என்று தெரியவந்தது போர் வாசலுக்கு வந்த பிறகு. அந்த வயதில் அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை, தம்பிகளை எதிர்த்துப் போய் நிற்கத்தான் முடிந்தது. கிளார்க்குக்கு அந்தக் கதி வராமல் பார்த்துக்கொண்டவர் ஜொனாதன். இரண்டாவது ரகசியத்துக்கும் முடிவை மகன் கையில் கொடுத்தார். ஒரு அப்பா இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் நைனாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் வியாசர்பாடியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவன். அங்கே ஒருமுறை ஒரு பையன் வேலைக்குப் போட பயோடேட்டா எழுதிக்கொண்டிருந்தான். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டும் அவன் அப்பா அவனைக் கூட்டிப்போக வந்தவர், பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகவரி எழுதும் இடம் வந்ததும் குனிந்து, கிரீஸ் ஏறிய விரலை அந்தக் கட்டத்தின் மேல் வைத்து, "பெரம்பூர்னு போடு. பின்கோடு எல்லாம் எவன் பாக்குறான்" என்றார். பையன் ஏன் என்று கேட்கவில்லை. பெரம்பூர் என்றே எழுதினான். எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அப்பா தன் தெருவைக் கேவலமாக நினைக்கிறவர் இல்லை. அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்து, அதே தெருவின் ஃபுட்பால் டீமுக்குக் காசு போட்டு ஜெர்சி வாங்கித் தருகிறவர். ஆனால் வட சென்னையின் வியாசர்பாடி என்ற பெயரைக் கேட்டதும் எதிரில் இருக்கிறவர் முகம் மாறுவதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். பையனுக்கு அந்த முகம் முதல் வேலையிலேயே வேண்டாம் என்று நினைக்கிறார். கையில் ஒரு சம்பளம் வரட்டும், அப்புறம் எந்த ஊர் என்று சத்தமாகவே சொல்லிக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு. இதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். உலகத்தை மாற்றும் பொறுப்பை ஒரு சின்னப் பையன் தலையில் முதல் இன்டர்வியூவிலேயே ஏற்றக் கூடாது.

இதே காரணத்தால்தான் 13 வயது கிளார்க்கை மறைக்கச் சொன்னதும் சரி என்கிறேன். ஒரு தடவை தெரிந்துவிட்டால் தெரிந்ததுதான், திரும்ப மறைக்க முடியாது. குழந்தையால் அந்த விலையைக் கணக்குப் போடவும் முடியாது. பள்ளிக்கூடத்தில் எல்லாருடைய எலும்பும் குடலும் கண்ணுக்குத் தெரிந்து, சத்தமெல்லாம் ஒன்றாகக் காதில் விழுந்து, அலறிக்கொண்டு ஒரு சின்ன அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்ட பையன் அவன். அம்மா வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்து, என் குரலை மட்டும் கேள் என்று சொல்லித்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. தன் சக்தியையே தாங்கத் தெரியாத பிள்ளையை உலகத்தின் முன்னால் நிறுத்துவது நியாயமில்லை.

நம் ஊரிலும் இப்படி ஒரு வளர்ப்பு அப்பா உண்டு. ஒருத்தி மகனாய்ப் பிறந்து அதே இரவில் இன்னொருத்தி மகனாய் ஒளிந்து வளர்ந்தவன் என்று ஆண்டாள் திருப்பாவையில் பாடுகிறாளே, அந்தக் கண்ணனை வளர்த்த நந்தகோபன். கம்சனுக்குப் பயந்து ஒளித்து வளர்த்த பிள்ளைதான் அவனும். ஆனால் அதே திருப்பாவையின் முதல் பாட்டிலேயே நந்தகோபனைக் கூர்வேல் பிடித்தவன் என்கிறாள். ஆயர்பாடிக்கே தலைவன், ஆபத்து கூடியபோது ஊரையே கிளப்பிக்கொண்டு பிருந்தாவனத்துக்குப் போக அவனால் முடிந்தது. ஜொனாதன் கன்சாஸில் ஒரு சாதாரண விவசாயி. அவர் கையில் வேல் இல்லை, ஊரைக் கிளப்பும் செல்வாக்கும் இல்லை. லாரி ஓட்டும் நம் ஆளுக்கும் இல்லை. இவர்களிடம் பிள்ளையைக் காப்பாற்ற இருந்த ஒரே வழி, சொல்லாமல் இருப்பது.

இதுவரைக்கும் அவர் பக்கம் பேசினேன். இனி அவர் தவறவிட்டது.

பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் பார்த்தார்கள். பீட் பார்த்தான். அவன் அம்மாவுக்குத் தெரியும். அப்படியென்றால் ஊரில் இன்னும் எத்தனையோ பேருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வருடக்கணக்காக ஒரு ராணுவ வண்டி அந்தப் பண்ணைக்கு வரவில்லை. லோயிஸ் லேன் என்ற நிருபர் தேடிக்கொண்டு வரும்வரை கிளார்க்கைத் தேடி யாரும் வரவில்லை. ஜொனாதன் பயந்த அந்த ஜனங்கள்தான் அவர் மகனுடைய ரகசியத்தைக் காத்தார்கள். வம்பு பண்ணிய பீட்கூட அந்த விபத்துக்கு அப்புறம் கிளார்க் பக்கம் சாய்ந்துவிட்டான். எங்கள் பக்கத்து ஹவுசிங் போர்டு பிளாக்குகளில் இருந்தவர்களுக்கு இது புரியும். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று மாடிப்படியில் எல்லாருக்கும் தெரியும், வெளியாள் வந்து கேட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. தன்னோடு வாழ்கிற ஜனங்களை எப்போதோ வரப்போகும் அதிகாரியோடு சேர்த்து ஒரே 'உலகம்' ஆக்கிப் பயந்தார் ஜொனாதன். அவருடைய முதல் பிழை அது.

இன்னொன்றும் உண்டு. மறைப்பது என்றால் உதவாமல் இருப்பது என்று அவர் ஒன்றாக்கிவிட்டார். பெயரை மறைத்துக்கொண்டு கையை நீட்டலாம் என்ற வழி அவருக்குத் தோன்றவே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் போட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, சென்னைத் தெருக்களில் மாடியில் தவித்தவர்களை இறக்கினார்களே, இறங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்த மீனவர் பெயர் தெரியும்? கிளார்க் இந்த வழியைத் தானாகவே கண்டுபிடித்துக்கொள்கிறான். ஊர் ஊராக வேறு வேறு பெயரில் வேலை பார்க்கிறான், எரிகிற எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து ஆட்களைக் காப்பாற்றிவிட்டு மறைந்துபோகிறான். படத்தின் முடிவில் கண்ணாடி மாட்டிக்கொண்டு பத்திரிகை அலுவலகத்தில் வேலைக்குச் சேருவதும் இதுதான். அப்பாவின் அறிவுரையை அவன் தூக்கி எறியவில்லை. கிளார்க் கென்ட் என்ற மனிதனுக்கு அதை வைத்துக்கொண்டான், கைகளை மட்டும் விடுவித்துக்கொண்டான்.

ஜொனாதனுக்கு ஏன் இது தோன்றவில்லை என்பதற்கு 2016-ல் வந்த அடுத்த படத்தில் ஒரு பதில் கிடைக்கிறது. பனிமலை உச்சியில் கிளார்க்கின் மனக்கண்ணில் வந்து உட்கார்ந்து அவர் ஒரு கதை சொல்கிறார். சின்ன வயதில் வெள்ளம் வந்தபோது அவரும் அவருடைய அப்பாவும் மண் வெட்டித் தண்ணீரைத் திருப்பிப் பண்ணையைக் காப்பாற்றுகிறார்கள். வீட்டில் கேக் செய்து கொடுத்து அவரைக் கொண்டாடுகிறார்கள். அவர் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், திருப்பிவிட்ட தண்ணீர் லேங் குடும்பத்துப் பண்ணைக்குள் போய் அவர்களுடைய குதிரைகள் மூழ்கிச் செத்தன. ஓட்டேரி நல்லா என்கிற கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் பொங்குகிற மழைநாளில் எங்கள் பக்கம் இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தத் தெரு முனையில் மணல் மூட்டை அடுக்கினால் அடுத்த தெருவில் கட்டில் மிதக்கும். நல்லது செய்து கெட்டது விளைந்ததைச் சின்ன வயதிலேயே பார்த்த மனிதர் அவர். மகன் எதையாவது தூக்கும்போதெல்லாம் அவருக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்ற எண்ணம் வந்திருக்கும். பஸ் காட்சியில் வந்த அந்த 'இருக்கலாம்' எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான்.

இப்போது சூறாவளி. காரில் போகும்போதே அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை. நீங்க என் அப்பா இல்லை, வயலில் என்னைக் கண்டெடுத்த ஆள் என்கிறான் கிளார்க். அடுத்த சில நிமிடத்தில் வானம் இருண்டு சூறாவளி வருகிறது, எல்லாரும் பாலத்துக்கு அடியில் ஓடுகிறார்கள். நாய் காரிலேயே மாட்டிக்கொள்கிறது. நான் போகிறேன் என்று கிளார்க் கிளம்ப, ஜொனாதன் அவனைத் தடுத்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தானே போகிறார். நாயை விடுவிக்கிறார், காலில் அடிபடுகிறது, திரும்ப முடியவில்லை. மகன் பாய்ந்து வரப் போகும்போது கையை உயர்த்தித் தலையை அசைக்கிறார். காற்று அவரை மூடிவிடுகிறது.

தவறு அந்தக் கை உயர்த்திய நொடிக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. வாட்டசாட்டமான ஒரு இளைஞன் காருக்கு ஓடி நாயைப் பிடித்துக்கொண்டு வருவதில் என்ன ரகசியம் வெளிப்படும்? எந்த ஊர்ப் பையனும் செய்யக்கூடியது அது. சாதாரண மனிதன் செய்கிற உதவியைக்கூட மகன் செய்யக் கூடாது என்ற அளவுக்கு அந்தப் பயம் வளர்ந்திருந்தது. நிமிர்ந்து நிற்பதா என்று நீ முடிவு செய் என்று வீட்டில் வைத்துச் சொன்னவர், முடிவெடுக்கிற நேரம் வந்தபோது மகனுக்குப் பதிலாகத் தானே முடிவெடுத்தார். தன் உயிரைக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த நொடி கிளார்க்குடையதும்தானே? அப்பா சாகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் என்ற பாரத்தை அவன் மேல் ஏற்ற அவருக்கு உரிமை கிடையாது. பல வருடம் கழித்து அவர் கல்லறையில் நின்று லோயிஸிடம், அப்பாவை நம்பினேன், அதனால் அவரைச் சாகவிட்டேன் என்கிறான் கிளார்க். எந்தப் பிள்ளையும் சொல்லக் கூடாத வாக்கியம்.

இன்னொரு கொடுமை, அவர் பயந்தபடி ஆபத்து வரவுமில்லை. படத்தின் வில்லன், கிளார்க் பிறந்த கிரகத்தின் தளபதி ஜெனரல் ஸாட், கிளார்க் யாரையோ காப்பாற்றியதால் பூமிக்கு வரவில்லை. கிளார்க் தான் யார் என்று தேடிப்போய், பனிக்கடியில் கிடந்த பழைய விண்கலத்தில், குழந்தையாகத் தன்னோடு வந்த சாவியைப் போட்டான், அதிலிருந்து சமிக்ஞை போய்த்தான் வந்தார்கள். மனிதர்கள் அவனைக் கைவிலங்கிட்டு உட்காரவைத்தது உண்மை. அதே மனிதர்களில் ஒரு கர்னல் பிற்பாடு, இவர் நம் எதிரி இல்லை என்று சொன்னதும் உண்மை.

கடைசியாக, கிளார்க் கேட்டு நின்றது சரியா என்ற கேள்வி. அவனை என்னால் குறை சொல்ல முடியவில்லை. நீ என் அப்பா இல்லை என்று சற்று முன்தான் சொல்லியிருக்கிறான். அடுத்து அப்பா ஒன்று சொல்லும்போது மீறினால், அந்த வார்த்தை உண்மையாகிவிடும் என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றும். கீழ்ப்படிந்ததன் மூலம் நீங்கள்தான் என் அப்பா என்று சொல்லிவிட்டான். ஆனால் நீங்கள் கேட்பது என்னிடம் என்பதால் சொல்கிறேன்: அவன் ஓடியிருக்க வேண்டும். பாலத்துக்கு அடியில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள், பார்த்திருக்கட்டும். பஸ்ஸில் இருந்தவர்கள் வாய் திறக்கவில்லை, இவர்களில் பலரும் திறந்திருக்க மாட்டார்கள். ஒருவர் திறந்து, சிக்கல் வந்து, குடும்பம் நிலத்தை விற்றுவிட்டு வேறு மாநிலத்துக்குப் போக நேர்ந்திருந்தாலும் ஜொனாதன் உயிரோடு, கோபத்தோடு, லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து மகனைத் திட்டிக்கொண்டே வந்திருப்பார்.